மாப்பிள்ளையின் வலது கணுக்கால்

1

முருகேசன் என் சித்தப்பா மகன். திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கால்பந்து என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். இந்த வருஷம் உலகக் கோப்பை நாங்கள் இருக்கிற பக்கம் நடப்பதால் வாட்ஸப்பில் கூப்பிட்டான்.

"அண்ணே, மாப்ளகிட்ட சொல்லி ரெண்டே ரெண்டு டிக்கெட்டு."

"டிக்கெட்டு இருந்தா ஆச்சா? விசா?"

"அதுக்கும் அவரு ஒரு லெட்டர் குடுத்தா விட்ருவாய்ங்களாம்."

"யாரு சொன்னது?"

"கடைக்கு வர்றவய்ங்கதான்."

"அவரு விளையாட்ட விட்டு ஆறு வருசம் ஆச்சுடா."

"விட்டா என்னண்ணே? ஜெர்மன்காரரு இல்லைன்னு ஆயிருமா?"

பிறகு சொன்னான். "உங்க மருமகன் ஜெர்மனியில பந்து விளையாடுனவருன்னா இங்க ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். நீங்களே எழுதிக் குடுங்க. நம்ம கால்பந்து சங்க மலர்ல போட்டுர்றேன்."

நான் ஆறாவது வரை படித்தவன். சமையல்காரன். எழுதிப் பழக்கம் இல்லை. அவர் விளையாடியதை நான் அதிகம் பார்த்ததும் இல்லை. சனிக்கிழமை ஓட்டலில் கூட்டம். எனக்குத் தெரிந்தது அவர் நின்றுபோனது. அதைத்தான் எழுத முடியும்.

2

நான் அமெரிக்கா வந்தது கலிபோர்னியாவில் மில்பிடாஸ் என்கிற ஊரில் ஒரு ஓட்டலுக்கு. தோசைக்கல் முன்னால் நிற்கிற வேலை. முதலாளி பிறகு டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் இன்னொரு கடை போட்டார். நீயும் வா என்றார். வந்தோம். நான், மனைவி சரோஜா, மகள் கவிதா. கவிதா எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். படித்து பிஸியோதெரபிஸ்ட் ஆனாள். அடிபட்ட கை காலைப் பிடித்துவிட்டு நடக்க வைக்கிற படிப்பு. இங்கே ஒரு கால்பந்து கிளப்பில் வேலை கிடைத்தது.

அங்கே விளையாட வந்தவர் மத்தியாஸ். அப்போது முப்பது வயது. ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றவில்லை. சரோஜா என்னிடம், "காலுல எதும் கோளாறா இருக்குமோ?" என்றாள். "குளிரா இருக்கும்" என்றேன்.

என்னிடம் வந்து, "மாமா, பசி" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கவிதா சொல்லிக்கொடுத்திருந்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்றவர்களுக்குப் போதவில்லை. பொங்கல் விழாவில் ஒரு ஆன்ட்டி கேட்டார். சென்னைக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் இன்ஜினியர்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"ஃபுட்பால் விளையாடுறாரு."

"அது சரி. வேலை?"

"அதாங்க வேலை."

"சாட்டர்டே சண்டே ஓகே. மண்டே டு ஃப்ரைடே என்ன பண்றார்னு கேட்டேன்."

மத்தியாஸ் பக்கத்தில்தான் நின்றார். தமிழ் புரியாது. ஆனால் முகம் புரியும். தட்டோடு நடந்து சமையல்கட்டுப் பக்கம் வந்துவிட்டார். நானும் வந்துவிட்டேன். அதன்பிறகு எந்த விழாவுக்குப் போனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் அங்கேதான். அவர் இங்கிலீஷும் ஒட்டுப்போட்டது. என் இங்கிலீஷும் ஒட்டுப்போட்டது. அதனால் சண்டை வரவில்லை.

3

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு.

நிலக்கரி எடுக்கிற ஊர். அப்பா இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினவர். பிள்ளையைப் பதினோரு வயதில் ஒரு பெரிய கிளப்பின் ஆட்கள் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்தில் கிளப்பின் விடுதிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் பத்தோடு சரி. கூட இருந்த பையன்களில் வருஷா வருஷம் சிலரைக் கூப்பிட்டு, நீ போகலாம் என்பார்களாம். யாரைக் கூப்பிடுவார்கள் என்று காலையிலேயே தெரிந்துவிடுமாம். அன்றைக்கு அவனுக்கு மட்டும் எல்லோரும் நல்லபடியாக வணக்கம் சொல்வார்களாம்.

இவர் தங்கினார். பத்தொன்பது வயதில் முதல் தர ஆட்டத்தில் இறக்கினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து இவர் காலுக்கு வரவே இல்லை. ஒரே ஒரு முறை வெளியே போன பந்தைக் கையால் எடுத்து எறிந்தார். விசில் ஊதிவிட்டார்கள்.

"அடுத்த வாரம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் வேற ஆளு."

அவ்வளவுதான். முதல் தரம் அந்த ஒரு நாளோடு முடிந்தது. பிறகு இரண்டாம் தரம், மூன்றாம் தரம். ஊர் ஊராக மாறினார். ஒப்பந்தம் இரண்டு வருஷம், சில இடத்தில் ஒரு வருஷம். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பாராம். வலது பக்கக் காவல் ஆட்டக்காரர். கோல் போடுகிறவன் பெயரைத்தான் கூட்டம் கத்தும். இவர் பெயரைத் தப்பு நடந்தால் கத்தும்.

"நீங்களும் அப்படித்தான், மாமா" என்றார். "தோசை நல்லா இருந்தா ஓட்டல் பேரு. கருகினா குக் எங்கேன்னு கேப்பாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

4

கல்யாணம் இங்கே கோயில் மண்டபத்தில் வைத்தோம். ஜனவரி மாதம். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். கவிதா முன்பே வந்து சொன்னாள்.

"அப்பா, அந்த ஃபுட் வாஷிங் மட்டும் வேண்டாம். அவருக்குப் பிடிக்கல."

"என்ன பிடிக்கல? மாப்ளைக்குச் செய்ற மரியாதைம்மா."

"அவர் கால யாருக்கும் காட்ட மாட்டார்ப்பா. எனக்கே லேட்டாத்தான் காட்டினார்."

ஐயர் விடவில்லை. சரோஜாவும் விடவில்லை. மாப்பிள்ளையே கடைசியில் சரி என்றார்.

காலைத் தாம்பாளத்தில் வைத்தார். நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு விரலுக்கு நகம் இல்லை. மற்ற நகம் கறுப்பு. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கிடந்தது. வலது கணுக்கால் இடதைவிட ஒரு மடங்கு பெரிது. குறுக்கே தையல் போட்ட கோடுகள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குளிர் நாள் என்று சரோஜா பாலைச் சூடு பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். அவசரத்தில் ரொம்பச் சூடாகிவிட்டது. நான் வாங்கி அப்படியே வலது காலில் ஊற்றிவிட்டேன். என் விரலில் பட்டதும் சுரீர் என்றது. என் கை தோசைக்கல்லில் பழகின கை. எனக்கே பொறுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை அசையவில்லை. சிரித்த முகமாக இருந்தார்.

"என்ன பொறுமை பாருங்க, வெள்ளைக்காரருக்கு" என்றார் ஒரு அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. துண்டால் துடைக்கிற சாக்கில் குனிந்து கேட்டேன்.

"என்ன மாப்ள இது?"

"ஊசி" என்றார் மெதுவாக. "சம்மணம் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும்னு கவி சொன்னா. அது முடியாது. அதான்."

ஆட்டத்துக்கு முன்னால் வலி தெரியாமல் இருக்கப் போடுகிற ஊசி. அதைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். கால் சிவந்து கன்றிப்போயிருந்தது. குங்குமத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பூசி மறைத்தேன்.

சாயங்காலம் கவிதாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நான்தானப்பா வாரா வாரம் கால்ல டேப் சுத்தி அனுப்புறேன்" என்றாள். கல்யாணப் பெண். கண் நிறைந்துவிட்டது. மை கலைந்துவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

பிறகும் இரண்டு வருஷம் ஊசியோடு ஆடினார். பேத்தி பிறந்த மாதத்தில் கிளப் அவரைக் கூப்பிட்டு, போகலாம் என்றது. அன்றைக்குக் காலையில் எல்லோரும் நல்லபடியாக வணக்கம் சொன்னார்களாம்.

பேத்தி பெயர் மீரா. இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் வாயில் நுழைகிற பெயராகப் பார்த்து வைத்தார்கள். அவளுக்கு இப்போது ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள். பதில் இங்கிலீஷில் வரும். அவர் ஜெர்மனில் கேட்டாலும் அப்படித்தான்.

கிரீன் கார்டு நேர்காணலில் ஆபீசர், என்ன தொழில் என்று கேட்டாராம். ஃபுட்பால் என்றிருக்கிறார். டெக்சாஸ்காரருக்கு அது வேறு விளையாட்டு. ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்வது. "உங்க உடம்பு பத்தாதே" என்றாராம். விளக்கி, அதையும் விட்டாயிற்று என்று சொன்னதும், "அப்ப இனிமே என்ன தொழில்?" என்று கேட்டாராம். இவர் கவிதாவைப் பார்த்தாராம். கவிதா ஜன்னலைப் பார்த்தாளாம்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கப் போனார். நம் ஆட்களின் பிள்ளைகளும் நிறைய. வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விசில் ஊதினார். ஓடிக் காட்டாத கோச் எதற்கு என்று பெற்றோர் கேட்டார்கள். அதுவும் போயிற்று. இப்போது ஒரு கிடங்கில் உட்கார்ந்து கேமரா பார்க்கிறார்.

கணுக்காலில் எலும்போடு எலும்பு உரசுகிறது. டாக்டர் சொன்னது ஒரே வழி. திருகு போட்டு மூட்டைப் பூட்டிவிட வேண்டும். வலி போய்விடும். நடக்கலாம். ஆனால் அந்த மூட்டு இனி மடங்காது. ஓட்டம் கிடையாது.

மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டார். குளிர் போகட்டும் என்பார். வெயில் போகட்டும் என்பார். கவிதா ஒரு நாள் என் முன்னாலேயே கத்திவிட்டாள்.

"எதுக்காக வெயிட் பண்றீங்க? மிரக்கிளா நடக்கப்போகுது?"

அவர் காலைத் தலையணைமேல் வைத்து ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னமோ, மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். என் பொண்ணு நான் ஓடிப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை பார்க்கட்டும். அதுக்கப்புறம் பூட்டிக்கோங்க.

"போன்ல வீடியோ இருக்கே, அதக் காட்டுங்க" என்றாள் கவிதா.

"காட்டினேன். அது யாருன்னு கேட்டா."



6

மீராவின் பள்ளிக்கூடத்தில், உங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று படம் வரையச் சொன்னார்கள். அம்மா ஒருத்தர் காலைப் பிடித்திருக்கிறாள். தாத்தா தோசைக்கல்லோடு. அப்பா சோபாவில். காலுக்குக் கீழே தலையணை, மேலே நீலமாக ஐஸ். வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவளைக் கூப்பிடப்போன நானும் மாப்பிள்ளையும் பார்த்தோம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கா" என்றார்.

காரில் ஏறியதும், "மாமா, சனிக்கிழமை லீவு போடுங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் எல்லோரும் பூங்காவில் இருக்கிற மைதானத்துக்குப் போனோம். ஏழு மணிக்கே வெயில் சுட்டது. மீரா காரிலிருந்து இறங்கும்போதே, "தாத்தா, இட்ஸ் டூ ஹாட்" என்றாள். அவளுக்கு நீச்சல்தான் பிடிக்கும். அன்றைக்கு அந்த வகுப்பை விட்டுவிட்டு வந்த கோபம்.

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து காலில் டேப் சுற்ற ஆரம்பித்தார். கை சரியாகப் போகவில்லை. கவிதா தள்ளி நின்று பார்த்தாள். வரும்போதே, நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து மண்டியிட்டு அவர் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினாள். அவர் சுற்றினதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். குதிகாலுக்கு ஒரு சுற்று, மேலே இரண்டு.  முடித்ததும் கணுக்காலை இரண்டு கையாலும் ஒரு பிடி பிடித்து விட்டாள். கிளப்பில் இருந்தபோதும் அப்படித்தான் செய்வாளாம்.

என்னைக் கோல் வாயில் நிற்கச் சொன்னார். நடைபாதையில் போன ஒருவர் எங்கள் ஓட்டலுக்கு வருகிறவர். நின்று, "என்ன மாஸ்டர், தோசைய விட்டுட்டு கோல்கீப்பராயிட்டீங்க?" என்றார்.

"அட, போங்க சார். வெயிலு ஏறுது" என்றேன்.

"லுங்கி கட்டிக்கிட்டு நின்னீங்கன்னா பந்து ஒண்ணும் உள்ள போகாது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மாப்பிள்ளை நடுக்கோட்டுக்கு நொண்டிக்கொண்டு போனார். பந்தைக் கீழே வைத்தார். "மீரா!" என்று கூப்பிட்டார். மீரா புல்லில் உட்கார்ந்திருந்தாள். கையை ஆட்டினாள்.

ஓடினார்.

நான் கல்லூரி, மைதானம் எதுவும் கண்டவன் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு கனம் போய்விட்டது. நொண்டல் எங்கே போனது என்று தெரியவில்லை. பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, பார்க்கவே இல்லை அதை அவர். தலை நிமிர்ந்திருந்தது. அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. வீட்டில் சோபாவில் படுத்திருக்கிற ஆள் இந்த ஆளா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்தது. யாரோ கூட்டிக்கொண்டு வந்த சின்ன நாய். மீரா திரும்பி உட்கார்ந்து அதைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

"மீரா! இங்குட்டுப் பாருடி! அப்பாவப் பாரு!" என்று சரோஜா கத்தினாள்.

அவள் திரும்புவதற்குள் கால் மடங்கிவிட்டது. விழுந்தார். பந்து தானாக உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது. நான் பிடிக்கவில்லை.

மீராதான் முதலில் ஓடினாள். அவர் தலையைத் தட்டிக்கொடுத்து, "இட்ஸ் ஓகே, டாடி" என்றாள்.

அவர் மூச்சு வாங்கியது. "பாத்தியா?" என்று கேட்டார்.

"யெஸ். யூ ஃபெல்."

சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பிறகு கவிதா பக்கம் திரும்பி, "டாக்டரக் கூப்பிடு" என்றார்.

கவிதா தோள் கொடுத்துத் தூக்கினாள். மறுபக்கம் நான். காருக்குப் போகிற வரைக்கும் மாப்பிள்ளை எங்கள் மேல் முழுப் பாரத்தையும் போட்டிருந்தார். கனமான ஆள்.

7

ஆபரேஷனுக்கு முன்னால் இன்சூரன்ஸ்காரர்கள் போனில் கேள்வி கேட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்றாள் ஒரு பெண்.

விபத்து இல்லை என்றார் இவர்.

தேதி போட்டால்தான் அடுத்த பக்கம் போகும் சார் என்றாள்.

"அப்ப எல்லா சனிக்கிழமையும்" என்றார்.

 சரி, ஏதாவது ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள் என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

 இவர் யோசித்துக்கொண்டே இருந்தார். கவிதா போனை வாங்கி ஒரு தேதியைச் சொன்னாள். எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை.

ஜெர்மனியில் இருக்கிற அவர் அப்பாவுக்கு வீடியோவில் சொன்னார்கள். சம்பந்தி வயதானவர். கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இனிமே மழை வந்தா வலிக்காதுன்னு சொல்றாரு" என்றார் மாப்பிள்ளை.

போன மாதம் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். மூன்று திருகு. கதவுக்குக் கீல் வைக்கிற திருகு மாதிரிதான் இருந்தது. கவிதா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றாள். அவள் தினமும் பார்க்கிற மாதிரி எக்ஸ்ரேதான். போய் நின்றாள்.

8

இப்போது பகலில் நான்தான் மாப்பிள்ளையோடு இருக்கிறேன். மீராவுக்கு லீவு. மாப்பிள்ளை காலில் கட்டு, முழங்கால் வரைக்கும். அவர் அதிகம் பேசுவதில்லை. வலி எப்படி என்று கேட்டால், இல்லை என்கிறார். வலி இல்லாதது பழகவில்லை போலிருக்கிறது. அடிக்கடி அந்தக் காலைக் குனிந்து பார்க்கிறார், இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

போன வாரம் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் தூங்கிப்போனார். நான் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மீரா மேஜையில் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சு மாறியது. வேகமாக வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். இடது கால் போர்வைக்குள் அசைந்தது. குதிகால் சோபாவை உதைத்தது. விட்டு விட்டு இல்லை, ஒரு சீராக. தோளும் கூடச் சேர்ந்து அசைந்தது. வலது கால் கட்டுக்குள் அப்படியே கிடந்தது.

மீரா பென்சிலை வைத்துவிட்டு வந்தாள். "தாத்தா, வாட்ஸ் ஹி டூயிங்?"

"ஓடுறாரு."

"ரியலி?"

"ஆமா. அப்பா இப்படித்தான் ஓடுவாரு."

அவள் என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டிவி பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர் முகத்தில் வேர்த்தது. தலை ஒரு பக்கம் திரும்பியது, யாரையோ தாண்டிப் போகிற மாதிரி. அந்தப் பூங்காவில் பார்த்த முகம்.

"ஹி இஸ் ஃபாஸ்ட்" என்றாள் மீரா, மெதுவாக.

கதவு திறந்தது. கவிதா வேலையிலிருந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்னாச்சு? பெயினா?" என்று கேட்டு எழுப்பக் கையை நீட்டினாள்.

மீரா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"நாட் யெட், அம்மா. ஹி இஸ் ரன்னிங்."

கவிதா தோளில் பையோடு நின்றாள். கால் நிற்கும்வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.